கில்மோர் துரையின் இடது ஓரம்

சுண்ணாம்பை முதல் நாளே நீற்றி வைத்துவிட வேண்டும், ரிஸ்வி ஐயா. அவசரத்தில் கரைத்தால் கட்டி தட்டும், கோடு பிசிறும். கோடு போடுகிறவனுக்கு அதைவிட வெட்கம் வேறு கிடையாது. பதினொரு வருடமாக எங்கள் தேயிலைத் தோட்டத்துப் பந்து மைதானத்துக்கு நான்தான் கோடு போட்டேன். ஒரு தடவைகூடக் கோணியதாக யாரும் சொன்னதில்லை.

பேர் செல்லசாமி. வயது முப்பத்தாறு. தொழிலாளர் குடியிருக்கிற லயங்களுக்கு வெள்ளையடிப்பது தோட்டத்தில் என் வேலை. போன சனிக்கிழமை மைதானத்தில் நடந்த சாவைப் பற்றிச் சொல்ல நானாகவே பஸ் ஏறிப் போலீசுக்கு வந்திருக்கிறேன். யாரும் என்னைப் பிடித்து வரவில்லை; அதையும் எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் துரையின் ஆட்டத்தைச் சொல்லாமல் அந்தச் சாவைச் சொல்ல முடியாது.

கில்மோர் துரை நாற்பத்தெட்டாம் வருடம் எங்களுக்குப் பெரிய துரையாக வந்தார். அவருடைய சாமான்களைப் பங்களாவுக்குச் சுமந்தவர்களில் நானும் ஒருத்தன். அதில் ஒரு படம் இருந்தது. பதினொரு வெள்ளைக்காரர்கள் கையைக் கட்டிக்கொண்டு இருக்கிற படம். இடது கோடியில் கில்மோர், இளந்தாரி. ஸ்கொட்லாந்தில் கிளாஸ்கோ என்கிற ஊரில், காசு வாங்காமல் ஆடுகிறவர்களுக்கென்றே ஒரு கிளப்பாம். அதில் ஒன்பது வருடம் முன்வரிசையில் இடது ஓரம் ஆடியிருக்கிறார். அறுபத்து மூன்று கோல். ரயில் கூலிகூட வாங்கியதில்லையாம். நாட்டுக்காக ஒரே ஒரு தடவை சட்டை போட்டார், அதுவும் வேறொருத்தருக்குக் காய்ச்சல் வந்ததால். அன்றைக்கு நான்கு தடவைதான் பந்து அவர் காலுக்கு வந்ததாம். அதைச் சொல்லும்போது நான்கு விரலையும் ஒவ்வொன்றாக மடக்கிக் காட்டுவார்.

நல்ல ஆட்டக்காரர்தான், பொய் சொல்ல மாட்டேன். பந்து கிடைத்தால் கோட்டை ஒட்டியே ஓடுவார். கோட்டுக்கும் அவர் சப்பாத்துக்கும் நடுவே ஒரு கை நுழையாது. தலை குனிந்திருக்கும், கண் பந்தில் இருக்கும், கண்ணோரத்தில் வெள்ளைக் கோடு. மலையில் மூன்று மணிக்குமேல் பனி இறங்கினால் கோல் கம்பம் தெரியாது, பக்கத்தில் நிற்கிறவன் தெரியமாட்டான். எல்லோரும் நின்றுவிடுவார்கள். அவர் நிற்க மாட்டார். "கோடு இருக்கும், நான் ஓடும்" என்பார். துரைமார் தமிழ் அப்படித்தான்.

தோட்டத்துப் பையன்களைச் சேர்த்துக் குழு அமைத்தார். ஆட்டத்துக்குப் போன அன்று எங்களுக்கு அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம்தான். காசுக்கு ஆடினால் அமெச்சூர் இல்லையாம். என் தம்பி அழகுமுத்து அதற்கு ஒரு பாட்டே வைத்திருந்தான். "துரை கோல் போடும், நாம பந்து போடும், கண்டாக்கு அரைப் பேர் போடும்." லயமே சிரிக்கும்.

அழகுமுத்து துரைக்குப் பக்கத்தில் ஆடுகிறவன். வெறுங்கால். அந்தக் காலில் பந்து ஒட்டிக்கொண்டு வரும். நான்கு வருடம் அவன் தள்ளிக் கொடுத்த பந்துகளைத் துரை கோலாக்கினார். கோப்பைகள் பங்களாவுக்குப் போயின. ஐம்பத்திரண்டில் பொகவந்தலாவைத் தோட்டத்தோடு ஓர் ஆட்டம். கடைசி நேரம். துரை இடது ஓரத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்கிறார். அழகுமுத்து பார்த்தான். பார்த்துவிட்டுத் தானே அடித்தான். கோல். சனம் அவனைத் தோளில் தூக்கிக்கொண்டு கோயில் வரைக்கும் போனது. துரை சிரித்துக்கொண்டே வந்து கை கொடுத்தார்.

அடுத்த புதன்கிழமை பயிற்சி. துரையின் சப்பாத்து அழகுமுத்துவின் முழங்காலில் இறங்கியது. பந்து அந்தப் பக்கமே இல்லை, ஐயா. நான் கோட்டில் நின்றேன், பார்த்தேன். துரை "ஐயோ, ஐயோ" என்று தமிழிலேயே சொன்னார், தோட்டத்து ஆஸ்பத்திரிக்கு ஒரு டின் பிஸ்கட் அனுப்பினார்.

அந்தக் காலோடு மலை ஏறித் தேயிலைச் செடியைக் கவ்வாத்து வெட்ட முடியுமா. மூன்று மாதம், காலையில் ஆள் எடுக்கிற பெரட்டுக்குப் போகவில்லை. செக்ரோலில், அதாவது ஆள் பதிவேட்டில், அவன் பேரை வெட்டினார்கள். அதே நேரம்தான் பிரஜாவுரிமை விசாரணையும் நடந்தது. தொடர்ந்து இங்கேயே இருந்ததற்கு ஆதாரம் கேட்டார்கள். செக்ரோலில் பேர் இல்லாதவனுக்குத் துரையின் கடிதம்தான் ஆதாரம். அழகுமுத்து கம்பை ஊன்றிக்கொண்டு மூன்று தடவை ஆபீஸ் வாசலுக்குப் போனான். மூன்று தடவையும் "நாளைக்கு வா". நான்காவது நாள் துரை நுவரெலியாவுக்கு கோல்ஃப் ஆடப் போய்விட்டார். விசாரணைத் தேதி தாண்டியது. மனு தள்ளுபடி.

வட்டகொடை ஸ்டேசனில் நான்தான் அவனை இந்தியாவுக்கு ரயில் ஏற்றினேன். எங்கள் தாத்தா பிறந்த ஊரின் பேரை ஒரு தாளில் எழுதி மடியில் வைத்திருந்தான். அந்த ஊரை அவன் கண்ணால் கண்டதில்லை. இரண்டு கடிதம் வந்தது. மூன்றாவது கடிதம் வேறொருத்தர் கையெழுத்தில் வந்தது. சத்திரத்துத் திண்ணையில் கிடந்து செத்தானாம்.

அது ஐம்பத்து நான்கு மார்கழி. தை மாதத்து முதல் ஆட்டத்துக்குக் கோடு போடும்போது, பள்ளத்துப் பக்கத்துக் கோட்டை ஒரு சாண் தள்ளிப் போட்டேன்.

எங்கள் மைதானத்தை நீங்கள் பார்த்திருக்கிறீர்கள். ஒரு பக்கம் தேயிலை மேடு. மறு பக்கம் எண்பது அடிப் பள்ளம், அடியில் பாறையும் ஓயா ஆறும். கோட்டுக்கும் விளிம்புக்கும் நடுவே அப்போது இருபத்தோரு அடி. சாண் கணக்கில் இருபத்தெட்டு. ஒரு கோட்டை மட்டும் தள்ளினால் மைதானம் அகலமாகும், யாராவது கண்டுபிடித்துவிடுவார்கள். அதனால் மேட்டுப் பக்கத்துக் கோட்டையும் அதே ஒரு சாண் உள்ளே இழுத்தேன். கோல் கம்பங்களையும் ஒரு சாண் நகர்த்தினேன். அது கஷ்டமில்லை. கம்பத்தை நட்டபடியே விட்டால் மறுநாள் யார் வீட்டு அடுப்பிலாவது எரியும், ஆகையால் ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் பிடுங்கி வைத்துவிட்டு அடுத்த ஆட்டத்துக்கு நான்தான் நடுவேன். அப்படி மைதானம் முழுசாக, கோணாமல், பள்ளத்தை நோக்கி நடந்தது. வருடத்துக்கு நான்கு ஆட்டம். நான்கு சாண்.

பந்து பள்ளத்தில் விழுந்தால் எடுத்து வர அரை மணி நேரமாகும். அதனால் அந்தப் பக்கம் வேறு யாரும் பந்தைக் கொண்டு போக மாட்டார்கள், துரையைத் தவிர. வெளியே போன பந்தை அங்கே கோட்டுக்கு உள்ளே நின்றுதான் எறிவார்கள்; எங்கள் மைதானத்து வழக்கம் அது. கோட்டுக்கு வெளியே கால் வைக்கிறவன் நான் ஒருத்தன்தான். கொடி பிடிப்பதும் நானே. விளிம்பில் மானாப்புல்லை வெட்டச் சொன்னார்கள். வெட்டவில்லை. இடுப்பளவு வளர்ந்து, பள்ளத்தை மூடிக்கொண்டு, பார்க்கத் தரை மாதிரியே இருந்தது.

ஒரே ஒருத்தருக்குத்தான் சந்தேகம் வந்தது. வேலையை மேற்பார்க்கிற கண்டாக்கு கணேசமூர்த்தி ஐயா. "என்னப்பா செல்லசாமி, மேட்டுப் பக்கம் எடம் கூடிக்கிட்டே போகுது. கிரவுண்டுக்குக் கால் மொளைச்சிருச்சா?"

"மழைக்கு மேடு கரையுதுங்க. பள்ளத்துப் பக்கமும் சரியுதுங்க" என்றேன்.

"சரியட்டும். துரை மட்டும் சரியாம இருந்தாப் போதும்" என்று சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

ஐம்பத்தேழு வெள்ளத்தில் நிஜமாகவே விளிம்பு சரிந்தது. ஒரே ராத்திரியில் எட்டுச் சாண். இரண்டு வருட வேலை மிச்சம். அன்றைக்குக் கோயிலில் தேங்காய் உடைத்தேன்.

நீங்கள் நிமிர்ந்து பார்க்கிறீர்கள். கோபத்தில் செய்த வேலை இல்லை, ஐயா. கோபக்காரன் கவ்வாத்துக் கத்தியை எடுத்துக்கொண்டு பங்களாவுக்குப் போயிருப்பான். நான் துரையின் மேல் விரல்கூடப் படாமல், அவருடைய ஆட்டமே அவரைக் கொண்டு போகட்டும் என்று நினைத்தேன். ஐந்து வருடம் அவருடைய ஒவ்வோர் ஓட்டத்தையும் பார்த்தேன். அவருக்கு நாற்பத்தொன்பது ஆனது. மூச்சு வாங்கியது. ஆனால் கோட்டை மட்டும் விடவில்லை.

போன வாரம் பெரட்டில் துரை சொன்னார், மஸ்கெலியாவோடு ஆடுவது தன் கடைசி ஆட்டம், அடுத்த மாதம் கப்பல் ஏறுகிறேன் என்று. நான் போய் அளந்து பார்த்தேன். கோட்டுக்கும் விளிம்புக்கும் இரண்டே சாண். போதும் என்று தோன்றியது.

எல்லாம் அமைந்தது. கோயில் பக்கத்துக் கோலை நோக்கி ஓடினால்தான் துரையின் இடது ஓரம் பள்ளத்துப் பக்கம் வரும். காசு சுண்டியதில் அது இரண்டாம் பாதிக்கு விழுந்தது. இடைவேளையிலேயே பனி இறங்கத் தொடங்கிவிட்டது. அப்போது துரை முழங்காலைத் தடவிக்கொண்டு வீரய்யாவைக் கூப்பிட்டார்.

வீரய்யா எங்கள் லயத்தில் அடுத்த காம்பரா, எங்கள் சுவருக்கு அந்தப் பக்கம். வேலாயியின் ஒரே மகன், இருபத்திரண்டு வயது. என்னை மாமா என்று கூப்பிடுகிறவன். துரை அவனை மூன்று வருடமாகத் தயார் பண்ணினார். அழகுமுத்துவுக்குச் சொல்லித் தந்ததைவிடக் கூடுதலாகவே சொல்லித் தந்தார். பங்களாவில் இருக்கிற படத்தைக் காட்டி, "ஒரு நாள் நீ இந்த மாதிரி" என்றாராம்.

"எனக்குக் கால் போச்சு. நான் உள்ளே ஆடும். நீ கோட்டில் போ" என்றார் துரை.

நான் பத்தடி தூரத்தில் நின்றேன். கேட்டது. இடைவேளை பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் கொஞ்சம் யோசித்தேன். துரை விழுந்தால் எண்பது அடியில் எல்லாம் முடிந்துவிடும். எதற்காக என்று தெரியாமலே போய்விடுவார். கால் போனவனுக்குத் தெரியும், ஸ்டேசனில் நின்றவனுக்குத் தெரியும், அவருக்கு மட்டும் தெரியாது. தான் வளர்த்த ஆட்டக்காரன் கண் முன்னே போனால் தெரியும். கணக்குக்கு அதுதான் சரியாக வந்தது.

வீரய்யா என்னிடம் ஓடி வந்தான். "மாமா, துரையோட எடத்துல என்னைய விட்டிருக்காரு. பனியில ஒண்ணும் தெரியலயே."

"கோட்டைப் பாத்து ஓடு. துரை எப்புடி ஓடுவாரு, அப்புடி."

"கோடு நேரா இருக்குமா?"

"நான் போட்ட கோடு என்னிக்குடா கோணியிருக்கு?"

சிரித்தான். ஓடிவிட்டான்.

பனியில் யார் ஓடி வருகிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை என்று முந்தாநாள் உங்கள் ஆட்களிடம் சொன்னேன். அது பொய். சப்பாத்துக்கால் ஓட்டம் மண்ணில் குத்தும். வெறுங்கால் ஓட்டம் அறையும். வந்தது வெறுங்கால். இந்த ஆட்டத்துக்கு மட்டும், கோடு கோயில் பக்கம் போகப் போக நான் அதை விளிம்போடு இன்னும் ஒட்டவைத்திருந்தேன். கடைசி இருபது அடிக்குக் கீழே மண்ணே கிடையாது, புல்லும் சுண்ணாம்பும்தான். என் கையில் கொடி இருந்தது. தூக்கினால் விசில் ஊதுவார்கள். விசில் கேட்டால் நிற்பான். நான் தூக்கவில்லை.

சத்தம் போடவில்லை அவன். கல் உருண்ட சத்தம்தான் கேட்டது.

துரை அந்த வயதில், அந்த முழங்காலோடு, புல்லைப் பிடித்துக்கொண்டே பள்ளத்தில் இறங்கினார். யாரும் இறங்கத் துணியவில்லை. ஒரு மணி நேரம் கழித்து ஓயாப் பாதையாக அவனைத் தோளில் போட்டுக்கொண்டு வந்தார். கோல் கம்பத்தடியில் உட்கார்ந்து மடியில் கிடத்திக்கொண்டு, அவன் காலில் இருந்த சேற்றைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அவனை நான் போட்டது, நான்தான் அங்கே போட்டது" என்று தன்னையே நொந்துகொண்டிருந்தார். அந்த முகத்தைத்தான் ஐந்து வருடம் நான் எதிர்பார்த்தேன். அழகாகத்தான் இருந்தது. மறைப்பானேன்.

நேற்றுக் காலை பங்களாவுக்குப் போனேன். துரை அந்தப் படத்தை இறக்கி நாற்காலியில் சாய்த்து வைத்திருந்தார். நான் நின்றுகொண்டே சொன்னேன். "தொரை, இது அழகுமுத்துவுக்காக."

அவர் என்னைப் பார்த்தார். கண் சிவந்திருந்தது. வெகு நேரம் யோசித்தார். நடிக்கவில்லை, ஐயா, நடித்தால் எனக்குத் தெரியும். "எந்த அழகுமுத்து?" என்று கேட்டார்.

முழங்காலைச் சொன்னேன். பொகவந்தலாவை ஆட்டத்தைச் சொன்னேன். கடிதத்தைச் சொன்னேன். தலையை ஆட்டினார். ஏதோ நினைவு நிதி வசூலிக்க வந்திருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார் போல. பையில் கைவிட்டுப் பத்து ரூபாய் நோட்டு ஒன்றை எடுத்து நீட்டினார்.

அதனால்தான் வந்தேன். விபத்து என்று நீங்கள் எழுதியதைக் கிழித்துவிடுங்கள். நான் சொன்னதை இங்கிலீசில் எழுதி, கோர்ட்டில் அவரை நிறுத்தி, உரக்க வாசியுங்கள். கப்பல் பன்னிரண்டாம் தேதி. அதற்குள் நடக்க வேண்டும். சாண் கணக்கெல்லாம் விடாமல் எழுதுங்கள். என்னைத் தூக்கில் போடுவார்கள் என்று தெரியும். துரை என் பக்கம் திரும்பி, தெரியும், அழகுமுத்துவைத் தெரியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். பிறகு போடட்டும்.

வெளியே வேலாயி உட்கார்ந்திருப்பதாகச் சொல்கிறீர்கள். மகனைத் தொலைத்த பைத்தியத்தில், நான் சொன்னது எதுவும் தெரியாமல், என்னையாவது விடச் சொல்லி அழுகிறாளா. நல்ல மனுஷி. அவளுக்கு என்ன சொல்வது என்று என்னைக் கேட்கிறீர்கள். எனக்கு விளங்கவில்லை, ஐயா. இது எனக்கும் துரைக்கும் உள்ள விவகாரம். இதில் அவளுக்கு என்ன இருக்கிறது?