இந்த வருசம் பின்னால நடப்பாரு

தைப்பூசத்துக்கு எட்டு நாள் இருந்தது. கொடைக்கானலிலிருந்து வத்தலக்குண்டு இறங்கும் காலை பஸ். எனக்கு முன் இருக்கையில் இருந்த பள்ளங்கிப் பெண், பெருமாள்மலையில் ஏறிய தன் நாத்தனாரிடம், மகன் பரீட்சையில் தேறியதைச் சொல்வது போலச் சொன்னாள்:

“நேத்து ஒன் அண்ணன் ஒம்போது மணிக்கே தூங்கிட்டாரு!”

“இதென்ன மதினி, தூங்குனதுக்குமா பெருமை?”

“போன பூசத்துக்கு அஞ்சு ராத்திரி கண்ணு மூடாம காவடி ஆடுனப்ப, முருகன் எறங்கிட்டான்னு கால்ல விழுந்தது யாரு?”

“ஊரே விழுந்துச்சு.”

“மாசியில எந்திரிக்காமக் கெடந்தாரு. சோம்பேறின்னதும் நீதான்.”

நாத்தனார் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

“மதுரை டாக்டர் எத்தனை நாளா இப்பிடின்னுதான் கேட்டாரு. காலண்டர் தாளக் காட்டுனேன். தூங்காத நாளுக்குச் சுழி, எந்திரிக்காத நாளுக்குக் கோடு. பாத்துட்டு, ‘ரெண்டும் ஒரே சீக்கும்மா, ஏறும், எறங்கும்’னாரு. ஆஸ்பத்திரியில தலையில கரண்டு வச்சாங்க. இப்ப மாத்திரை வாங்கத்தான் போறேன்.”

“நல்லாயிட்டவருக்கு மாத்திரை எதுக்கு? காவடியில முன்னால ஆட அண்ணனத்தான் தேடுறாங்க.”

“மாத்திரையாலதான் நல்லாருக்காரு. அவங்க கூட்டமா வந்து கேட்டாங்க. நான் வாயத் தொறக்கல. அவரே சொல்லிட்டாரு, ‘அன்னைக்கு எனக்கு வந்தது சாமியில்ல, சீக்கு. இந்த வருசம் ஆடல, பின்னால நடந்து வாரேன்’னு.”

“அத்தன பேரு முன்னாலயுமா?”

“அத்தன பேரு முன்னாலயும். ஒன் அண்ணன்ல!”