காசியின் வரியைத் திரும்ப வைத்தவருக்கு

வேங்கிக்கால் மதிச்சுடர் கருவியகத்தில் 1989 முதல் பத்தொன்பது ஆண்டுகள் பாடுபட்டு, 2008 மே மாதம் முப்பத்தொன்றாம் நாளாகிய இன்று பணி நிறைவு பெறும் மூத்த பொறியாளர் திரு. சகாதேவன் அவர்களுக்கு, உடன் உழைத்தோர் உள்ளம் உவந்து எழுதும் மடல்.

கண்ணுக்குத் தெரியாத இடத்தில் காவல் இருந்த கண்ணியமே! சேர்த்துப் பெயர் வாங்குவோர் நடுவே சீர்செய்து பெயர் வாங்கிய செம்மலே! எங்கள் சகாதேவனாரே, வணக்கம்!

முகத்துக்கு நேராகப் புகழ்ந்தால் இவர் பாதியில் எழுந்து டீ குடிக்கப் போய்விடுவார் என்பது இங்கே எல்லோருக்கும் தெரியும். ஆகவே அவையில் இருப்போரே, உங்களிடம் சொல்கிறோம். இவர் ஓரமாக உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருக்கட்டும்.

தடுப்பூசி மருந்து வைக்கும் குளிர்பெட்டிகளுக்கு எச்சரிக்கைக் கருவி செய்வது நம் தொழில். கதவு திறந்தாலும், கரண்டு நின்றாலும், உள்ளே சூடு ஏறினாலும் கருவி பேட்டரியில் ஓடி மணியடிக்க வேண்டும். செங்கம் சாலையிலிருந்து சைக்கிளில் வந்து, ஈயம் பற்றவைக்கும் வேலையில் சேர்ந்தவர் சகாதேவன். பௌர்ணமிக்குப் பௌர்ணமி கிரிவலக் கூட்டத்தில் சாலையை அடைத்துவிட்டால் சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டும் நேரத்துக்கு வந்தவர். ஈயம் வைத்த கையாலேயே நிரல் எழுதவும் படித்தார்.

1998இல் நம் கருவிகளுக்கு முழுமையான இயங்குதளம் வந்தது. அதன் உள்மையமான கர்னலில், டிரைவர் எனப்படும் நிரல்களை எழுதியவர் அமரர் காசி. சிப்பில் ‘பின்’ எனப்படும் ஒவ்வொரு காலும் மணிக்கா, விளக்கா, தொலைபேசி இணைப்புக்கா என்று பிரித்துக் கொடுப்பது பின் கன்ட்ரோல் டிரைவர். ஏதேனும் ஒரு கால் அவசரமென்று அழைத்தால், கைவேலையை நிறுத்திவிட்டு அதைக் கவனிக்க வைப்பது இன்டரப்ட் டிரைவர். இரண்டையும் காசி ஒற்றை ஆளாக எழுதினார். 2002 தை மாதம் மஞ்சள்காமாலையில் மறைந்தார். முப்பத்தெட்டு வயது. அவர் மனைவி நந்தினிக்கு இங்கே கையேடு எழுதும் பிரிவில் வேலை கிடைத்தது. காசியின் நிரல்கள் சகாதேவனின் பொறுப்புக்கு வந்தன.

அன்று தொடங்கியது இவருடைய பெருந்துப்புரவு! ஏழு வகைக் கருவிகளுக்கு ஏழு இடங்களில் பிரதியெடுத்துக் கிடந்த கால்களின் பட்டியலை ஒன்றாக்கினார். மணியும் தொலைபேசியும் ஒரே காலைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்ததைக் கண்டு, கேட்டுத்தான் எடுக்க வேண்டும், ஒருவரிடம் இருப்பதை மற்றவர் எடுக்க முடியாது என்று கர்னலிலேயே விதி செய்தார். ஒன்பது கோப்புகள் மூன்றாயின.

பக்கத்து மேசை பாலாஜிக்கு இது வேடிக்கை. "அண்ணே, நீங்க எழுதுனது கம்மி, எடுத்துப் போட்டது ஜாஸ்தி. இப்படியே போனா கடைசில மெஷின்ல ஒண்ணுமே இருக்காது!"

"பெருக்கறவன் மண்ண அள்ளியாந்து வூட்டுக்குள்ள கொட்டுவானாடா? போய் வேலையப் பாரு" என்பார் இவர்.

2003 மே மாதம், ஒரு திங்கட்கிழமை காலை, கிராமத்துச் சுகாதார நிலையம் ஒன்றிலிருந்து செவிலியர் ஜோதியம்மாள் தொலைபேசியில் அழைத்தார்.

"உங்க பொட்டி அடிக்கவே இல்லீங்க. சனிக்கிழம மத்தியானம் கதவத் தொறக்கறேன், அதே நேரம் கரண்டு போச்சு. மூடிட்டு வந்துட்டேன். இன்னிக்கி வந்து பாத்தா மருந்தெல்லாம் வெந்நீராட்டம் கெடக்குது. கொழந்தைக்குப் போடறதுக்கு முன்னாடி குப்பிய நான் பாக்கலன்னா என்னங்க ஆயிருக்கும்?"

மருந்து முழுவதையும் கொட்டினார்கள். எந்தக் குழந்தைக்கும் தீங்கில்லை. அது அந்த அம்மாளின் கண்ணால் கிடைத்த புண்ணியம். ஆனால் நானூறு சுகாதார நிலையங்களில் இதே கருவி ஓடிக்கொண்டிருந்தது. காரணம் கேட்டுச் சுகாதாரத் துறையிலிருந்து கடிதம் வந்தது. நிர்வாகி மூர்த்தி அனைவரையும் கூட்டினார்.

"காசி எழுதின டிரைவர்ல தப்புன்னு எழுதிடலாம். பாவம், அவர்தான் இப்ப இல்லியே, யாருக்கும் பாதிப்பில்ல. நந்தினி, நீயே டைப் பண்ணிடும்மா" என்றார்.

அவர் கெட்ட எண்ணத்தில் சொல்லவில்லை. அடுத்த மாதம் சகாதேவனைத் தலைமைப் பொறியாளர் ஆக்கவிருந்தார். அதற்கு இடைஞ்சல் வரக்கூடாது என்று நினைத்தார். நந்தினி மட்டும் தட்டச்சுப் பொறியில் காகிதத்தைச் செருகாமல் உட்கார்ந்திருந்தார்.

"ஒரு மணி நேரம் குடுங்க" என்றார் சகாதேவன். நந்தினியிடம் திரும்பி, "காசி எழுதுனத பிரின்ட் எடுத்து வச்சிருப்பானேம்மா, வூட்ல இருக்குதா?" என்று கேட்டார்.

இருந்தது. கணவரின் தப்பைத் தன் கையாலேயே கொண்டுவந்து கொடுக்கிறோமோ என்ற அச்சத்தோடுதான் நந்தினி அதைக் கொடுத்தார். சகாதேவன் அதைத் தனியே எடுத்துப்போய்த் தம்முடைய கோப்போடு வரிவரியாக ஒத்துப் பார்த்தார். ஓரிடத்தில் விரல் நின்றது.

எந்தக் கால் அழைக்கிறது என்று படிக்கும் வரியைக் காசி இரண்டு முறை எழுதியிருந்தார்: தொடக்கத்தில் ஒன்று, முடிவில் அதே வரி மறுபடியும். ஏன் என்று குறிப்பு எழுதவில்லை. கைதவறி விழுந்த இரட்டை என்று நினைத்து இரண்டாவதை நீக்கியிருந்தார் இவர். கதவின் அழைப்பைக் கவனித்துக்கொண்டிருக்கும்போதே கரண்டு போன அழைப்பும் வந்தால், திரும்ப ஒருமுறை பார்ப்பதற்காக வைத்த வரி அது! அது இல்லாததால், கவனிக்காமல் விட்ட அழைப்பு, எல்லா அழைப்புக்கும் பொதுவான ஒரே கம்பியை அடைத்துக்கொண்டு தங்கிவிட்டது. பிறகு உள்ளே சூடு ஏறியபோதும் புது அழைப்பு எழ வழியில்லை. சோதனையில் நாம் ஒரு சமயம் ஒன்றைத்தான் சோதித்தோம்; ஆகவே தேறிவிட்டது.

அந்த அறையில் வேறு யாரும் இல்லை. பிரின்டை மடித்து நந்தினியிடம் கொடுத்துவிட்டு, வரியைச் சத்தமில்லாமல் திரும்ப வைத்திருந்தால் உலகத்தில் ஒருவருக்கும் தெரிந்திராது. அந்த நாற்காலியில் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்ததாகவும், அந்தக் கால் மணி நேரத்துக்காகவே இன்றும் வெட்கப்படுவதாகவும் பின்னாளில் இவரே சொல்லியிருக்கிறார்.

எழுந்து வந்தார். "சார், காசி சரியாத்தான் எழுதியிருக்கான். பெருக்கித் தள்ளினது நானு. இருக்கிறவன் இங்க இருக்கும்போது, இல்லாதவன் பேர எதுக்குங்க எழுதணும்? எம் பேரப் போடுங்க."

"யோசிச்சுதான் சொல்றியா சகாதேவா? அந்தப் பதவி..."

"யோசிச்சுட்டேங்க. போடச் சொல்லுங்க."

நந்தினி காகிதத்தைச் செருகினார். எழுத்துப் பிழை ஒன்றுகூட இல்லாமல் அடித்தார்.

தலைமைப் பதவி வேறொருவருக்குப் போயிற்று. இவரோ தோள்பையில் குறுந்தகடுகளோடு பேருந்திலும் ஆட்டோவிலும் அலைந்து, நானூறு கருவிகளிலும் அந்த வரியைத் திரும்ப வைத்தார். ஜோதியம்மாளின் நிலையத்துக்கே முதலில் போய், கதவையும் கரண்டையும் சேர்த்துச் சோதித்துக் காட்டினார். ஒரு வரி எதற்காக இருந்தது என்று எழுதிக் காட்டாமல் யாரும் எதையும் நீக்கக்கூடாது என்று அன்று இவர் தொடங்கிய வழக்கம் இன்று நம் அலுவலகச் சட்டம். துப்புரவை இவர் நிறுத்தவில்லை. இன்னும் ஐந்து ஆண்டுகள் செய்தார். ஒரு மணிகூட அடிக்காமல் போகவில்லை!

சகாதேவனாரே! இனி உங்களிடமே பேசுகிறோம். அந்தக் கோப்பில் "இந்த வரி காசியுடையது. நான் எடுத்தேன், தப்பு. யாரும் எடுக்காதீர்கள்" என்று எழுதிக் கையெழுத்திட்டிருக்கிறீர்கள். பதவியில் உயர்ந்தவர்களை நாங்கள் நிறையப் பார்த்திருக்கிறோம். ஒருவர் உயரத்தை இப்படி ஒரு வரியில் பார்த்தது உங்களிடம் மட்டுமே. உங்களோடு வேலை செய்தோம் என்று சொல்லிக்கொள்வதே எங்களுக்குப் பெருமை.

நல்ல நாளில் அந்தச் சங்கதி வேண்டாமே, விட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டோம். "அத எழுதலன்னா எனக்கு மடலே வேணாம்" என்றீர்கள். எழுதிவிட்டோம் ஐயா! சந்தனச் சட்டத்தில் கண்ணாடி போட்டு, உங்கள் வீட்டுக் கூடத்தில் நாங்களே வந்து மாட்டுவோம். வருகிறவர்களெல்லாம் நின்று படிக்கட்டும். துணைவியார் தங்கம்மாள் அவர்களோடும் மக்களோடும், நோயின்றி, குறைவின்றி, நூறாண்டு வாழ்க நீங்கள்!

இங்ஙனம்,
மதிச்சுடர் கருவியகப் பணியாளர்கள்

அனைவர் சார்பிலும் எழுதியவர்: நந்தினி காசி