பள்ளியில் வைகாசி, பிறந்தது சித்திரை

"எறங்குங்கண்ணா! எறங்கி ஓடுங்க!"

முன்னால் போகும் லாரி எரிகிறது. மணி பதினொன்று இருபது. முதல் சத்தம் 'டொம்' என்று மண்ணுக்குள் கேட்டது. இரண்டாவது காதுக்குள். குதிக்கிறேன். முழங்கை கிழிகிறது. ரோட்டோரப் பள்ளத்தில் முகத்தைப் புதைத்துக் கிடக்கிறேன். கத்தியது பழனிவேல். எனக்குப் பின்னால் வந்த லாரியின் டிரைவர். ஹாரனை அழுத்திக்கொண்டே ஜன்னலில் தலையை நீட்டிக் கத்தினான். என்னை இறங்கச் சொன்னவன் தான் இறங்கவில்லை. மூன்றாவது சத்தம் அவன் லாரியில். அது எனக்குக் கேட்கவே இல்லை.

இடம் இராக். குவைத் எல்லையைத் தாண்டி வடக்கே போகும் ரோடு. வருடம் இரண்டாயிரத்து நான்கு. இருவரும் மோகனூர்க்காரர்கள். குவைத்துக்குள் மட்டும் ஓட்டினால் போதும் என்று சொல்லித்தான் அழைத்துப் போனார்கள். நம்பினோம். அதற்குப் பிறகு நான் யாரையும் லேசில் நம்புவதில்லை.

அன்று காலை ஐந்தரை. லாரி யார்டில் போன் பூத். பிரசவத்துக்குப் போயிருந்த மனைவியைக் கேட்க வெண்ணந்தூரில் மாமனார் வீட்டுக்குப் பேசினேன். விடியும்போது பையன் பிறந்துவிட்டான் என்றார்கள். கார்டில் நாலு நிமிடம் மிச்சம் இருந்தது. பழனிவேலிடம் கொடுத்தேன். அவன் தன் மனைவி சரோஜாவிடம் பேசினான். சிரித்துக்கொண்டே வெளியே வந்தான். ஆறு மணிக்குக் கிளம்பினோம்.

அந்தப் பையன்தான் கார்த்தி. இப்போது கபடி லீக்கில் ரெய்டர். அவன் பிறந்த நாளில் உலகத்தில் என்னென்ன நடந்தது என்று ஒரு வலைப்பக்கத்தில் போட்டிருக்கிறார்கள். எங்கோ தேர்தலாம். எங்கோ மழையாம். எந்தப் பாட்டு அதிகம் விற்றது என்றுகூட இருக்கிறது. எங்கள் ரோடு இல்லை. எப்படி இருக்கும்? தேதியே பொய். அது வைகாசித் தேதி. பள்ளியில் சேர்க்கும்போது என் மைத்துனர் கொடுத்தது.

அவன் பிறந்தது சித்திரை ஒன்று. சித்திரையில் ஆண்பிள்ளை பிறந்தால் அப்பனுக்கு ஆகாது என்று எங்கள் பக்கம் ஒரு பேச்சு. அன்றைக்கே இப்படி ஒரு சாவு என்றால் ஊர் வாய் சும்மா இருக்குமா? அப்பனுக்குப் பதில் அப்பனின் சிநேகிதனை விழுங்கியவன் என்பார்கள். மோகனூருக்கு வைகாசி என்றே சொல்லி அனுப்பினோம்.

எல்லாரும் நம்பினார்கள். சரோஜா மேல் மட்டும் எனக்குச் சந்தேகம். அவர் தையல் வேலை செய்பவர். ஒவ்வொரு வருடப் பிறப்புக்கும் கார்த்திக்கு ஒரு சட்டை தைத்துக் கொடுத்தனுப்புவார். புருஷனுக்குப் படையல் போடும் நாளில் என் பையனுக்கு எதற்குச் சட்டை? தெருவில் வேறு பிள்ளைகளே இல்லையா? அதில் செய்வினை ஏதாவது வைத்திருப்பாரோ என்று பயந்தேன். ஒன்றைக்கூட அவனைப் போட விடவில்லை. எல்லாம் பரணுக்குப் போயின. எழுதவே வெட்கமாக இருக்கிறது.

போன மாதம் கார்த்தியின் கிளப்பிலிருந்து போன். "ஆஸ்பத்திரி ரெக்கார்டுல ஒரு தேதி, ஸ்கூல் சர்டிபிகேட்ல ஒரு தேதி. இதுல எது சார் டூப்ளிகேட்?" பதினைந்து நாளில் உண்மையை எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர வேண்டும். இல்லையென்றால் இந்த சீசன் அவன் ஆட முடியாது. தந்தால் விஷயம் ஊருக்கு வரும். சரோஜாவின் காதுக்கும் போகும். யாரோ சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடலாம் என்று போனேன்.

வாசலில் நின்றபடியே சொன்னேன். தையல் மிஷின் நின்றது.

"தெரியுமுங்கண்ணா. அன்னைக்கு அவரு போன்ல பேசுனதே அதுதானுங்க. 'அண்ணனுக்குப் பையன் பொறந்திருக்கறான், ஒரு சட்டை தெச்சு வையி, நான் வந்ததும் ரெண்டு பேருமாப் போய்ப் பாக்கலாம்'னாருங்க. அதோட சரி. வெளிய தெரிஞ்சாப் பையனைப் பேசுவாங்கன்னு நானும் வைகாசின்னே சொல்லீட்டிருந்தனுங்க."

அங்கேயே உட்கார்ந்து அழுதேன்.

கிளப்புக்கு எழுதியதை இங்கும் எழுதுகிறேன். அன்று அந்த ரோட்டில் எரிந்தவை ஐந்து லாரிகள். செத்தவர்கள் மூன்று பேர். இருவர் எந்த ஊர் என்றுகூட எனக்குத் தெரியாது. ஒருவன் பழனிவேல், மோகனூர், வயது முப்பத்தொன்று. எனக்கு இடது காது போயிற்று. கொன்றது சண்டை. பிறந்த குழந்தைக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

சட்டைகள் மொத்தம் இருபத்தொன்று. இந்த வருடத்துச் சட்டையைப் போட்டுக்கொண்டுதான் கார்த்தி பஸ் ஏறினான். மற்ற இருபதில் ஒன்றுகூட இனி அவனுக்குப் பத்தாது.