பதினொன்று இருபத்திரண்டுக்கு நகர்ந்த பெட்டி

என் பெயரும் முகவரியும் இந்த வாக்குமூலத்தின் மேலே தனியாகக் குறிக்கப்பட்டுள்ளன. வயது நாற்பத்தொன்று. பழைய நீராவி ரயில் ஓடும் மலைப்பாதையில் ஆறு ஆண்டுகளாக வேலை பார்க்கிறேன். ரயில்களுக்கு நேர அட்டவணை போடுவதும், பெட்டிகளில் நடக்கும் பிறந்தநாள் போன்ற குடும்ப விழாக்களுக்கு நேரம் ஒதுக்குவதும் என் பொறுப்பு.

கடந்த ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகளுக்கு ஏழாவது பிறந்தநாள். எங்கள் இன்ஜின் டிரைவரே அந்த நாத்தனார்தான். அன்று அவருக்கு டூட்டி. ஆகவே மேல் நிலையப் பிளாட்பாரத்தில் ஒரு பெட்டியைத் தனியாக நிறுத்தி விழாவுக்கு ஏற்பாடு செய்தேன். விதிப்படி அந்தப் பெட்டியைப் பதினொரு மணிக்குள் பக்கத் தண்டவாளத்துக்குத் தள்ளியிருக்க வேண்டும். நாத்தனாரின் ரயில் கீழ் நிலையத்திலிருந்து வந்து சேருவது 11.40க்கு. காலையில் கிளம்பும்போது அவர், "நான் வந்தப்புறம் கேக் வெட்டுங்க அண்ணி" என்று கேட்டுக்கொண்டார். அதனால் அட்டவணையில் 11.00ஐ அடித்துவிட்டுப் பென்சிலால் 11.40 என்று எழுதினேன். அதன் பிறகு போர்ட்டர் வந்து சக்கரத்துக்கு அடியில் கட்டை வைக்கட்டுமா என்று கேட்டார். "கொஞ்ச நேரந்தானே, கைபிரேக் போதும்" என்று அனுப்பிவிட்டேன்.

11.22க்கு என் கணவர், அதாவது குழந்தையின் தாய்மாமன், பெட்டிக்குள் இருந்த கைபிரேக் சக்கரத்தைப் பிள்ளைகளுக்குச் சுற்றிக் காட்டியிருக்கிறார். பெட்டிக்கு அடியில் பிரேக்கை இழுத்துப் பிடிக்கும் சங்கிலி அறுந்துவிட்டது. நான் அதைப் பார்க்கவில்லை, பிறகு அவரே சொன்னார். நான் பார்த்தது ஜன்னலில் கட்டிய பலூன்கள் என்னைத் தாண்டிப் போனதைத்தான். ஓடிப்போய்ப் படியில் தொற்றி ஏறினேன். ஒரு செருப்பு பிளாட்பாரத்திலேயே கிடந்துவிட்டது. உள்ளே பத்தொன்பது பிள்ளைகள், ஆறு பெரியவர்கள். பிரேக் சக்கரத்தை என் கணவர் சுற்றச் சுற்ற அது பம்பரம்போல் சும்மா சுழன்றது. பாதை கீழ் நிலையம்வரை இறக்கம், ஒரே தண்டவாளம். எதிரே ரயில் ஏறி வந்துகொண்டிருந்தது.

அதன் பிறகு வாக்கி-டாக்கியில் நாத்தனாரைக் கூப்பிட்டேன். அட்டவணைப்படி அவர் நடு நிலையத்தை விட்டு இரண்டு நிமிடம் ஆகியிருக்க வேண்டும். கேட்டேன், அப்படியே இருந்தது. எங்களுக்கு நடுவே நான்கு கிலோமீட்டர்கூட இல்லை. "பர்த்டே பெட்டி உருண்டு வருது. நிறுத்தி, பின்னாடி எடும்மா. நாங்க வந்து மெதுவா உன்மேல சாயணும்" என்றேன். அவர், "பாப்பா உள்ளயா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "வேகத்தைச் சொல்லுங்க, சொல்லிக்கிட்டே இருங்க" என்றார்.

கால் கிலோமீட்டருக்கு ஒரு கல் நட்டிருக்கிறது. கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே ஒவ்வொரு கல்லுக்கும் வேகத்தைச் சொன்னேன். ஒரு கல்லிலிருந்து அடுத்ததற்கு முதலில் ஐம்பது நொடி, பிறகு முப்பது, பிறகு இருபத்தைந்து. அதற்குள் அந்த ரயிலின் கார்டு கடைசிப் பெட்டியிலிருந்து வழி பார்த்துச் சொல்ல, நாத்தனார் ரயிலைப் பின்னோக்கி ஓட்டத் தொடங்கியிருந்தார். வாக்கி-டாக்கியில் இதைக் கேட்ட கேட்கீப்பர் சாலை குறுக்கிடும் இடத்தில் கேட்டை மூடிவிட்டார். என் கணவர் எல்லோரையும் தரையில் உட்காரவைத்து, "கெட்டியாப் பிடிச்சுக்குங்க, அம்மா இன்ஜின் நம்மகூட ஓட்டப்பந்தயம் ஓடுது!" என்றார்.  ஆபத்து பிள்ளைகளுக்குத் தெரியவில்லை. அவர்கள் கத்திக் கத்தி இன்ஜினுக்கு உற்சாகம் கொடுத்தார்கள்.

ஆற்றுப் பாலம் தாண்டியதும் வளைவில் இன்ஜினின் முகம் தெரிந்தது. புகையைக் கக்கிக்கொண்டு எங்களைப் பார்த்தபடியே பின்னால் போய்க்கொண்டிருந்தது. நாத்தனார் பாதி உடம்பை வெளியே நீட்டியிருந்தார். "இன்னும் வேகமா போ, இன்னும்!" என்றேன். இடைவெளி நூறு அடி, ஐம்பது அடி என்று குறைந்தது. பிறகு ஒரு இடி. கேக் மேஜையிலிருந்து சரிந்து என் கணவரின் மடியில் விழுந்தது. வேறு யாருக்கும் எதுவும் ஆகவில்லை. 11.33க்கு இரண்டும் ஒன்றாக நின்றன. நாத்தனார் இறங்கி ஓடிவந்தார். பாப்பா ஜன்னலில் எட்டிப் பார்த்து, "இன்னொரு தடவை போலாம்மா!" என்றாள். நாத்தனார் சிரிக்கவும் முடியாமல் அழவும் முடியாமல் தண்டவாளத்திலேயே உட்கார்ந்துவிட்டார்.

மறுநாள் எங்கள் மேலாளர், சங்கிலி பழையது என்று மட்டும் சொன்னால் போதும், வீட்டுக்காரரும் தப்பிப்பார் நீங்களும் தப்பிப்பீர்கள் என்றார். சங்கிலி பழையது என்பது உண்மைதான். கட்டை இருந்திருந்தால் சங்கிலி அறுந்தும் பெட்டி நகர்ந்திருக்காது என்பதும் உண்மை. திருத்திய அட்டவணைத் தாளை இத்துடன் கொடுத்திருக்கிறேன்.

நான் சொன்னதை விசாரணை அதிகாரி எழுதி, எனக்குப் படித்துக் காட்டினார். காரணம் என்ற இடத்தில் "பிரேக் பழுது" என்று மட்டும் இருந்தது. அதனுடன் "நான் கட்டை வைக்க விடவில்லை" என்றும் சேர்க்கச் சொன்னேன், சேர்த்தார். மற்றதெல்லாம் நான் சொன்னபடியே உள்ளது, உண்மை. சேர்த்த வரிக்குப் பக்கத்தில் ஒரு கையெழுத்தும் கீழே ஒரு கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

(கையொப்பம்)