சேலம் தாண்டிய லாரி

“பொட்டப்புள்ள லாரி ஆபீசுல ஒக்காந்து என்னத்தக் கிழிக்கப் போவுது?” என்று என் மாமா ஒருமுறை கேட்டார். எங்கள் குடும்பத்தில் முதலில் பள்ளிக்கூடம் போனவள் நான். சரக்கு அனுப்பியவர்கள் வந்து கேட்டால் பதில் சொல்வது ஆபீசில் என் வேலை. எந்த லாரியைக் கேட்டாலும் “சேலம் தாண்டிடுச்சு” என்று சொல்ல வேண்டும். அது முதலாளியின் உத்தரவு.

அன்று காலை மொரப்பூர் பஸ்ஸில், என் முன்சீட்டில் இருந்த தக்காளிக்கார அம்மாள், பக்கத்தில் நின்ற ஒரு லாரிக்காரரைப் பிடித்துக்கொண்டார்.

“சேலம் தாண்டிடுச்சுன்னீங்களே, வண்டிக்கு றெக்கை மொளச்சுதுங்களா? சேலத்துக்கு இந்தப் பக்கம் தொப்பூர்லயே அச்சு முறிஞ்சு கெடந்திருக்குது!”

“மலை எறக்கம்க்கா. அச்சு முறியறது என் கையிலயா இருக்குது?”

“அச்சு முறிஞ்சதுக்கு யாருங்க உங்களத் திட்டுனா? ஒரு வார்த்த சொல்லியிருந்தா வேற வண்டி புடிச்சு மாத்தியிருப்பேன். கொடத்துல தண்ணி தூக்கி ஊத்தி வளத்த தக்காளி. கூடையோட அழுவி ஊத்துது.”

“சொல்லியிருந்தா அடுத்த லோடு எனக்குக் குடுப்பீங்களா?”

“இப்ப மட்டும் குடுப்பேன்னு நெனப்புங்களா?”

பஸ்ஸே சிரித்தது. அந்த அம்மாள் சிரிக்கவில்லை.

நானும் கேட்டவர்களிடமெல்லாம் அப்படித்தான் சொல்லியிருந்தேன். மதுரைக்குச் சரக்கு ஏற்றிப் போன எங்கள் லாரியும் முந்தின நாளிலிருந்து தொப்பூரில்தான் நின்றுகொண்டிருந்தது.

தருமபுரியில் இறங்கியதும் ஆபீஸ் வாசலில் ஒரு கரும்பலகையை மாட்டினேன். “மதுரை லாரி சேலம் தாண்டவில்லை. தொப்பூரில் நிற்கிறது” என்று பெரிதாக எழுதினேன். முதலாளி வந்து அதைப் படித்தபோது சாக்பீஸ் இன்னும் என் கையில் இருந்தது.