ட்ரம்பெட்காரரைத் தட்டிய விரல்

யுத்த காலத்தில் ஒரு காலை, ஆவடியிலிருந்து சென்ட்ரல் போகும் ரயில், கைகாட்டி இறங்காததால் வில்லிவாக்கத்துக்கு முன்னால் நின்றுவிட்டது. எனக்கு எதிரே ராணுவ முகாமில் கூடாரம் தைக்கும் தையல்காரர் ஒருவரும் அவருடைய மச்சானும் உட்கார்ந்திருந்தார்கள்.

“நான் தட்டினதுலதான் மச்சான், அந்த வெள்ளக்காரன் மேற்கொண்டு வாசிச்சான்,” என்றார் தையல்காரர்.

“யாரைத் தட்டின மாமே?”

“ட்ரம்பெட் வாசிக்கிறவனை. கேம்புல ஜாஸ் கச்சேரி. அதே பாட்டு பிளேட்டு என்கிட்ட கீதுல்ல?”

“கீறல் உழுந்த பிளேட்டா?”

“அதேதான். நடுவுல ஊசி மாட்டிக்கினு ஒரே துண்டையே திரும்பத் திரும்பப் பாடும். கிராமபோனை ஒரு விரலால தட்டினா நவுரும். ரெண்டு வருசமா அப்டித்தான் கேட்டுக்கினு கீறேன். அன்னிக்கு இவனும் அந்தத் துண்டுகிட்ட வந்து, வாசிச்சதையே வாசிச்சுக்கினு நின்னுட்டான். எல்லாரும் கை தட்டுறானுங்க. ஒருத்தனாவது எழுந்து ஒத்தாசை பண்ணணுமே! நான்தான் மேடை ஏறி, முதுகுல ஒரு தட்டு தட்டினேன்.”

“ஐயையோ! அப்பால?”

“அடுத்த துண்டுக்குப் போய்ட்டான்.”

“உன்னை?”

“வெளியில தள்ளிட்டானுங்க. இனிமே கச்சேரிக்கு உள்ளயே உட மாட்டாங்களாம். அது கெடக்குது. மறுபடி மாட்டிக்கினா அவனை யார் தட்டுவா? அதான் கவலையா கீது.”

மச்சான் தலையில் அடித்துக்கொண்டார். வண்டி அசையவே இல்லை. தையல்காரர் சற்று யோசித்தார். பிறகு ஜன்னல் கட்டையை ஒரு விரலால் தட்டினார்.

வண்டி நகர்ந்தது.

வில்லிவாக்கம் வரும் வரைக்கும் எங்கள் பெட்டியில் யாரும் எதன் மேலும் கை வைக்கவில்லை.