எல்லாம் ஒன்பதா ஒரு போன் நம்பர்

இந்த இடத்துல ஒரு குட்டிக் கதையைச் சொல்லிட்டுத்தான் நான் மேல போகப் போறேன். பின்வரிசைத் தம்பிகளா, அஞ்சு நிமிஷம் போனைப் பாக்கெட்ல போடுங்க. உங்க தொழில் கதைதான். நான் தமிழ் படிச்சவன், கம்ப்யூட்டர் பத்தித் தப்பா ஏதாவது சொல்லிட்டா உங்க எச்.ஓ.டி. அப்புறமா என்னைத் தனியாக் கூப்பிட்டுத் திட்டிக்கட்டும்.

கோயம்புத்தூர்ல ஒரு சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி. மொத்தம் பதினோரு பேர். அதுல ஒரு பொண்ணு, செண்பகவல்லின்னு பேரு, கோவில்பட்டிக்காரி. கோட் எழுதுறவங்க எல்லாரும் அடிக்கடி தேவைப்படுற நாலு வரி, அஞ்சு வரித் துண்டுகளை ஒரு ஃபைல்ல சேர்த்து வச்சிருப்பீங்கல்ல? வேணுங்கிறப்போ எடுத்து ஒட்டிக்கிறதுக்கு. ஏன் சிரிக்கிறீங்க... எனக்கும் தெரியும்யா. இந்தப் பொண்ணும் வச்சிருந்தா. அதுல முதல் துண்டு என்ன தெரியுமா?

எதையாவது அழிக்கணும்னா நேரா 'அழி'ன்னு கட்டளை போடக் கூடாது. எதெதை அழிக்கணும்னு போடுவோமோ, அதே நிபந்தனையை வச்சு முதல்ல 'காட்டு'ன்னு போடணும். எதெல்லாம் அழியப் போகுதோ, அதெல்லாம் திரையில வரிசையா வந்து நிக்கும். ஒவ்வொண்ணா வாசிக்கணும். வாசிச்சு முடிச்சுட்டு, அந்த ஒத்த வார்த்தையை மட்டும் 'அழி'ன்னு மாத்தணும். இவ்வளவுதான் துண்டு. உங்கள்ல பாதிப் பேருக்கு இது தெரியும். செய்யறவங்க எத்தனை பேருன்னு நான் கேக்கல.

ஆபீஸ்ல இதுக்காக அவளைக் கிண்டல் பண்ணாத ஆளே கிடையாது. "ஏம்மா, வீட்டுல குப்பை கொட்டுறப்பவும் கிளறிப் பாப்பியா?"

"பாப்பேன் சார். போன வாரம் அதுலதான் என் கம்மல் கிடைச்சுது."

இந்தக் கம்பெனி ஒரு பெரிய ஆஸ்பத்திரிக்கு வேலை பாத்துச்சு. ஆஸ்பத்திரி பேரு வேண்டாம். மாற்றுச் சிறுநீரகத்துக்காகக் காத்திருக்கிறவங்க பட்டியல். யாரு எப்பப் பதிஞ்சாங்க, யாருக்கு எந்த இடம்... எல்லாம் அதுக்குள்ளதான். ரெண்டு மாசமா ஆஸ்பத்திரி ஆளுங்க பழைய பதிவேட்டைப் பாத்து நோயாளிங்க பேரை ஏத்துறாங்க. அதே இடத்துல இவங்களும் சோதனைக்குன்னு பொய்ப் பேரா ஏத்துறாங்க. போன் நம்பர் கேட்டா? பத்து ஒன்பது. தட்டுறதுக்கு சுலபம் பாருங்க.

திங்கக்கிழமை சாஃப்ட்வேர் ஓட ஆரம்பிக்கணும். வெள்ளிக்கிழமை சாயங்காலம் நாலு மணி. டீம் லீடர் ரெங்கராஜ், பை எல்லாம் கட்டி வச்சிட்டாரு. "செண்பகம், ஒன்பதா இருக்கிறதெல்லாம் நாம போட்ட குப்பை. ஒரே வரி. அழிச்சு விடு. ஆறு மணிக்கு எல்லாருக்கும் பஸ்."

"ஒருதடவை பாத்துட்டு அழிக்கிறேன் சார்."

"என்னத்தைப் பாக்கப் போற? எவனுக்கும்மா அப்படி நம்பர் இருக்கு?"

நியாயமான கேள்விதானே? நானா இருந்தா அழிச்சிட்டு பஸ் ஸ்டாண்டுக்குப் போயிருப்பேன்.

அவ 'காட்டு' போட்டா. அறுபத்திநாலு பேர் வந்து நின்னாங்க. வாசிக்கிறா... 'அஅஅ'. 'டெஸ்ட் ஒண்ணு'. 'டெஸ்ட் ரெண்டு'. ஒரு புண்ணியவான் ரெங்கராஜ் பேரையே போட்டு வயசு நூத்திப்பத்துன்னு ஏத்தியிருக்கான். நாப்பத்தேழாவது வரி... சடையாண்டி. வயசு நாப்பத்தொன்பது. ஆண்டிபட்டி பக்கம். காத்திருப்பு, மூணு வருஷம் எட்டு மாசம். குறிப்புன்னு இருக்கிற கட்டத்துல, 'போன் இல்லை. ரேஷன் கடை முத்துப்பேச்சியிடம் சொன்னால் வந்துவிடுவார்.'

கை நின்னுபோச்சு அவளுக்கு. "சார், இங்க வாங்களேன். பொய்யா ஏத்துறவன் முத்துப்பேச்சி வரைக்குமா யோசிப்பான்?"

ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டா. பேரு ஏத்துற விமலாதான் எடுத்தாங்க. "அக்கா, சடையாண்டின்னு நிஜமாவே ஒருத்தர் இருக்காரா?"

"இருக்காரேம்மா. டயாலிசிஸ்க்கு வாரம் ரெண்டுவாட்டி வருவாரு. இந்தா, உள்ளதான் படுத்திருக்காரு."

"நம்பர் எல்லாம் ஒன்பதா இருக்கே அக்கா?"

"நான் என்னம்மா செய்ய? அவர்கிட்ட போன் கிடையாது. பத்து எண் அடிக்காட்டி உங்க கம்ப்யூட்டரு அடுத்த கட்டத்துக்கே விடமாட்டேங்குது. மனுஷனுக்கு இடமாவது கிடைக்கட்டும்னு ஒன்பதா அடிச்சேன்."

ரெங்கராஜ் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு அவ பக்கத்துல உக்காந்தாரு. முதல் வரியிலேருந்து அறுபத்திநாலையும் அவரே திரும்ப வாசிச்சாரு. அந்த மனுஷனையும் பாராட்டணும். அறுபத்திமூணை அழிச்சாங்க. அப்புறம் செண்பகவல்லி அந்தப் படிவத்தையே திருத்தினா. 'போன் இல்லை'ன்னு ஒரு கட்டம் வச்சா, இனிமே யாரும் பொய் நம்பர் அடிக்க வேண்டாம்னு. பஸ் போயிடுச்சு. மறுநாள் காலையிலதான் ஊருக்குப் போனா.

பிள்ளைங்களா, இப்ப சொல்லுங்க. பாக்காம அழிச்சிருந்தா என்ன ஆகியிருக்கும்? ... ஒண்ணும் ஆகியிருக்காது. திரையில சிவப்பு எழுத்து வராது. எவரும் திட்டமாட்டாங்க. எல்லாரும் சந்தோஷமா ஊருக்குப் போயிருப்பாங்க. சடையாண்டி செவ்வாக்கிழமை வருவாரு, வெள்ளிக்கிழமை வருவாரு, "என் முறை நெருங்கிடுச்சாம்மா?"ன்னு கேப்பாரு. என்னைக்கோ ஒருநாள் தேடிப் பாத்துட்டு, பேரைக் காணோமேன்னு புதுசாப் பதிவாங்க. பழைய பதிவேடு அதுக்குள்ள எந்த மூலையில கிடக்குமோ. எங்க பதிவாங்க? வரிசையோட கடைசியில.

அந்தப் பொண்ணு பெரிய வித்தை எதுவும் செய்யலய்யா. யாரும் மெச்சாத ஒரு பழக்கத்தை, கிண்டலைக் கேட்டுக்கிட்டே, ஒருநாள் விடாம செஞ்சா. எனக்கு அவமேல அவ்வளவு மரியாதை. வேகமா எழுதக் கத்துக்குங்க, வேண்டாங்கல. ஆனா உங்களுக்கு எண்ணாத் தெரியறதுக்குப் பின்னாடி ஒரு ஆள் படுத்திருக்கலாம். அழிக்கிறதுக்கு முன்னாடி பேரை வாசிங்க. அறுபத்திநாலு வரி வாசிக்க உங்களுக்குப் பத்து நிமிஷம் ஆகும்... அவருக்கு அது மூணு வருஷம் எட்டு மாசம்.